கலை வரலாறு கற்றால் உத்தியோகம் உண்டா?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியான மறுவாரம், என் மாணவி ஒருத்தியின் தந்தையார் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். முகத்திலே மகிழ்ச்சி இல்லை. "மாஸ்டர், கலை வரலாறுதான் படிப்பேன் என்று பிள்ளை ஒற்றைக் காலில் நிற்கிறாள். படம் கீறிச் சீவிக்கலாமோ? நீங்கள் ஒருக்காற் புத்தி சொல்லுங்கள்" என்றார்.

கலை வரலாறு படம் வரையும் கல்வியன்று என்பதையே அவருக்கு முதலிற் சொன்னேன். நேராக ஒரு கோடு இழுக்க அறியாதவரும் அதிற் சிறந்து விளங்கலாம். ஒரு சிற்பமோ ஓவியமோ கட்டடமோ எக்காலத்தில், எவருக்காக, எவ்வாறு ஆக்கப்பட்டதென்பதை, அப்பொருளையே சான்றாகக் கொண்டு ஆராய்வது அது. கொழும்பு நூதனசாலையிலே பொலன்னறுவைத் திருமேனிகளை நம்மிற் பலர் கண்டு கைகூப்பியிருப்போம். அவை சோழநாட்டிலே வார்த்துக் கொண்டுவரப்பட்டனவா, ஈழத்திலேயே வார்க்கப்பட்டனவா என்பது அறிஞர் நெடுங்காலம் வாதிட்டு வரும் வினா. அணிகலனையும் முகச்சாயலையும் உலோகக் கலவையையும் ஒப்புநோக்கியே அதற்கு விடை தேடவேண்டும்.

ஆனந்த குமாரசுவாமியை நினைவூட்டினேன். 1877இற் கொழும்பிலே பிறந்த அவர் கற்றவை நிலநூலும் தாவரநூலுமே. இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராய் ஊரூராய்ச் சென்றவர், நம் நாட்டுக் கைவினைகளில் மனத்தைப் பறிகொடுத்தார். 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டார். 1917 முதல் 1947இல் மறையும்வரை பொஸ்டன் நுண்கலை நூதனசாலையிற் பணியாற்றினார்.

"எல்லாரும் குமாரசுவாமி ஆகலாமோ?" என்றார் வந்தவர். நியாயமான கேள்விதான்.

ஆகவே உள்ளதை உள்ளபடியே சொன்னேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து நுண்கலைத் துறையிலே இப்பாடம் பயிற்றப்படுகிறது. கற்று வெளியேறுவோர் பலர் ஆசிரியராவர். மிகச் சிலர் விரிவுரையாளராவர். 1890இல் தோன்றிய தொல்பொருளியல் திணைக்களமும், 1980இல் அமைந்த மத்திய கலாசார நிதியமும், நூதனசாலைகளும் இத்தகையோருக்கு ஏற்ற இடங்களே. ஆனால் வெற்றிடங்கள் சில, விண்ணப்பிப்போர் பலர். நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த கலைப் பட்டதாரிகளை நாம் அறியாதவரல்லோம். மறைத்துப் பேசிப் பயனென்ன?

எனினும் வேலை இல்லாமையன்று, வேலை தெரிந்தவர் இல்லாமையே பெரிய குறையென்பது என் கருத்து. 1967இலே சீகிரியா ஓவியங்களை விஷமிகள் நிறக்குழம்பு பூசிச் சிதைத்தபோது, அவற்றைச் சீராக்க இத்தாலியிலிருந்து லூசியானோ மரன்சி என்னும் நிபுணர் வரவேண்டியிருந்தது. இரசாயனமும் கற்றவருக்கு அத்துறை திறந்தே கிடக்கிறது.

இன்னொன்று கேளுங்கள். தமிழ்நாட்டிலே சிறீபுரந்தான் என்னும் சிற்றூர்க் கோயிலிற் களவாடப்பட்ட சோழர்கால நடராசரை, அவுஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008இலே ஐம்பது இலட்சம் டொலர் கொடுத்து வாங்கியிருந்தது. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் முன்னரே எடுத்து வைத்திருந்த நிழற்படங்கள் அத்திருமேனி எவ்வூரது என்பதைக் காட்டிக் கொடுத்தன. 2014இல் அது இந்தியாவுக்கு மீண்டது. ஒரு பொருள் எவர் கைமாறி எங்கு வந்ததென்று துருவுவதற்கென்றே இன்று மேல்நாட்டு நூதனசாலைகள் ஆய்வாளரை வைத்திருக்கின்றன.

நம் ஊரிலோ திருப்பணி என்றதும் பழஞ்சுவர் இடிகிறது, சீமெந்து எழுகிறது. பாட்டன் காலத்து மரவாகனம் மடப்பள்ளிப் பின்புறத்திற் செல்லரிக்கிறது. அதை அளந்து, படமெடுத்து, குறித்து வைப்பார் எத்தனை பேர்?

"சரி, பிள்ளை என்ன ஆயத்தம் செய்யவேண்டும்?" என்று கேட்டார் அவர், சற்றுத் தணிந்த குரலில். ஆங்கிலம் இன்றியமையாதது, சிங்களம் தெரியாமல் திணைக்களத்திற் காலூன்றல் கடினம், சமஸ்கிருதம் கொஞ்சம் தெரிந்தால் சிற்பநூல்கள் வழிவிடும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, வீட்டுக்கு அருகிலுள்ள கோயிலின் தேரிலே எத்தனை சிற்பங்கள் உள்ளன, எவை எக்கதையைச் சொல்கின்றன என்று எழுதிக்கொண்டு வரும்படி கூறினேன்.

"அதை அவள் போன வருடமே எழுதிவிட்டாள், மாஸ்டர். ஒரு கொப்பி முழுக்க இருக்கிறது" என்றார் தந்தையார். சிறிது நேரம் பேசாதிருந்தவர், விண்ணப்பத்துக்குக் கடைசித் திகதி எதுவென்று கேட்டுக்கொண்டு எழுந்தார்.