செல்போனுக்குள் பணம் இல்லை

வங்கி கவுன்ட்டரிலேயே தலை நரைத்தவன் நான். பணம் எடுக்க வருகிறவர் சலானை நீட்டியதும் ஸ்பெசிமன் கார்டை உருவிக் கையெழுத்தை ஒப்பிடுவோம். அப்புறம் லெட்ஜர், அதிகாரியின் இனிஷியல், டோக்கன், கேஷியர். இன்று டீக்கடையில் பதினைந்து ரூபாய்க்கும் இவ்வளவும் நடக்கிறது, டீ ஆறுவதற்குள்.

2016-இல் யுபிஐ வந்தது. 2023 ஆகஸ்டில் மாதத்துக்கு ஆயிரம் கோடிப் பரிவர்த்தனையைத் தாண்டிவிட்டது. இருந்தும், பணம் போனுக்குள் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையில் இருப்பது கடைக்காரரின் யுபிஐ முகவரியும் பெயரும்தான். அதைப் படித்து, தொகையைச் சேர்த்து அனுப்புவதோடு போனின் வேலை சரி. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் கணினி வழியாக உங்கள் வங்கிக்குச் செய்தி போகும். அங்கே டெபிட் விழுந்தபின் கடைக்காரரின் வங்கியில் கிரெடிட். லெட்ஜர் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது.

அப்படியானால் கையெழுத்து எங்கே? ஆப்பை முதன்முதலில் பதியும்போது உங்கள் போன் தானாகவே ஓர் எஸ்எம்எஸ் அனுப்பும். (அதற்கு ஒன்றரை ரூபாய் பிடித்துவிட்டார்கள் என்று என் மைத்துனர் இன்னும் புலம்புகிறார்.) வங்கியில் நீங்கள் கொடுத்த எண்ணின் சிம் இந்தப் போனில்தான் இருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. அதோடு ரகசியப் பின் எண்ணும் சேர்ந்தால்தான் கையெழுத்து முழுமையாகும். சில்லறைச் செலவுக்கான யுபிஐ லைட் போன்ற சில வசதிகள் பின் கேட்காது.

என் கணக்கில் இன்னொருவர் பணம் கட்ட என் கையெழுத்து எதற்கு? எந்தக் கேஷியரும் கேட்டதில்லை. “பரிசு விழுந்திருக்கு, பின் நம்பர் போடுங்க சார்” என்று எவனாவது சொன்னால், உங்கள் பணத்தை எடுக்க உங்களிடமே கையெழுத்து வாங்குகிறான் என்று அர்த்தம்.

கடைக்காரர்கள் நம்மைவிட விவரமானவர்கள். வாடிக்கையாளர் காட்டும் திரையைப் பலர் நம்புவதில்லை. போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிக்க எத்தனை நேரமாகும்? தொகையை உரக்கச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டிக்கு அங்கேதான் மவுசு. அதற்குள் தனி சிம் இருக்கிறது. நம் போன் சொல்வதை அது கேட்பதில்லை. பணம் சேர்ந்த தகவல் சர்வரிலிருந்து வந்தால்தான் வாய் திறக்கும்.

நம் கணக்கில் பிடித்தும் பெட்டி வாய் திறக்காவிட்டால்? ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, கடைக்குச் செலுத்தியது உறுதியாகாவிட்டால் 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். ஆளுக்கு ஆள் அனுப்பியதென்றால் மறுநாளே. தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் நாம் புகார் எழுதக் காத்திராமல்.