குறைந்தது கொழுப்பா, தசையா? எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு எடை மெஷின் சொல்லாத கணக்கு!

மதுரையிலோ திருநெல்வேலியிலோ எடைக்குறைப்பு ஆபரேஷன் முடிந்து வாசுதேவநல்லூர் திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்க்கிறவர்கள் எல்லாரும் "எத்தனை கிலோ குறைஞ்சுது?" என்றுதான் கேட்பார்கள். உங்களுக்கும் அந்த நம்பர்தான் சந்தோஷம். ஆனா, அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. குறைந்தது எது?

ஒரே எடை... வேற வேற உடம்பு!

வாசுதேவநல்லூர் கோயிலில் மூலவரே அர்த்தநாரீஸ்வரர். ஓர் உடலில் இரண்டு பாதி. மருத்துவமும் நம் உடம்பை இரண்டாகத்தான் பிரிக்கிறது. ஒன்று கொழுப்பு. இன்னொன்று தசை, எலும்பு, தண்ணீர், உள்ளுறுப்புகள் எல்லாம் சேர்ந்த கொழுப்பில்லாப் பகுதி. எடை மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

இதற்கு ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. புனேவைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கின் இருவருக்கும் பிஎம்ஐ 22.3தான். ஆனால், யுட்கினின் உடல் கொழுப்பு 9.1 சதவிகிதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவிகிதம். 2004-ல் 'லான்செட்' இதழில் வெளியான இந்த ஒப்பீடு, பிஎம்ஐ-யை மட்டும் நம்பக் கூடாது என்று காட்டியது. பொதுவாகவே இந்தியர்களுக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அதனால், இருக்கிற தசையை இழப்பது நமக்குக் கூடுதல் நஷ்டம்.

36 கிலோவில் என்ன இருக்கு?

ஒரு கணக்கு போடுவோம். ஆபரேஷனுக்கு முன் 120 கிலோ. அதில் கொழுப்பு 55, மற்றவை 65. ஒரு வருடத்தில் 36 கிலோ குறைகிறது. குறையும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பில்லாப் பகுதியிலிருந்து போவது வழக்கம். அப்படிப் பார்த்தால் 27 கிலோ கொழுப்பு, 9 கிலோ மற்றவை.

இப்போது எடை 84 கிலோ. கொழுப்பு 46 சதவிகிதத்திலிருந்து 33-க்கு வந்துவிட்டது. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றியிருந்த ஆபத்தான கொழுப்பும் கரைகிறது. சுகர், பிரஷர் கட்டுக்குள் வர இது பெரிய உதவி. இவ்வளவு எடை குறையும்போது கொஞ்சம் தசை போவதும் இயல்புதான். கனமான உடம்பைச் சுமக்க வளர்ந்த தசை, சுமை குறைந்ததும் தானாகவே கொஞ்சம் சுருங்கும். தேவைக்கு மேல் போவதுதான் பிரச்னை.

ஏன் போகுது?

'ஸ்லீவ்' ஆபரேஷனில் இரைப்பையில் 75 முதல் 80 சதவிகிதம் வரை நீக்கப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனும் குறைகிறது. சில ஸ்பூன் சாப்பிட்டாலே போதும் என்றாகிவிடும். புரதம் போதுமான அளவு உள்ளே வராவிட்டால், உடம்பு தன் சொந்தத் தசையையே உடைத்து எடுத்துக்கொள்ளும். அதனால்தான், எடை மளமளவெனக் குறையும் முதல் சில மாதங்களில் தசை இழப்பும் அதிகம்.

தசை குறைந்தால் சோர்வு வரும். சும்மா இருக்கும்போது உடல் எரிக்கும் கலோரியும் குறையும். பிறகு எடை மீண்டும் ஏறினால், பெரும்பாலும் கொழுப்பாகத்தான் ஏறும். போன தசை அதே அளவுக்குத் திரும்பாது.

என்ன செய்யலாம்?

* புரதம் முதலில்: பொதுவாக ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் வரை பரிந்துரைப்பார்கள். உங்கள் அளவை டயட்டீஷியன் சொல்வார். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. மீன், சிக்கன், பனீர், பருப்பு, சுண்டல், தயிர் எனப் பிரித்துச் சாப்பிட வேண்டும். ஆரம்ப வாரங்களில் புரோட்டீன் பவுடரும் தேவைப்படலாம். குற்றாலம் போனால் சிக்கனை முதலில் சாப்பிடுங்கள். பரோட்டாவில் ஆரம்பித்தால் அதிலேயே வயிறு நிரம்பிவிடும்.

* தசைக்கு வேலை: நடைப்பயிற்சி நல்லது, ஆனா அது மட்டும் போதாது. டாக்டர் ஓகே சொன்ன பிறகு, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் புஷ்-அப், லேசான டம்பெல்ஸ் என வாரம் இரண்டு, மூன்று நாள் செய்யுங்கள்.

* மாத்திரையை நிறுத்தாதீர்கள்: பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி குறைபாடுகள் வரலாம். எலும்பின் அடர்த்தியும் குறையலாம். மூன்றாம் மாதத்தில் முடி கொட்டினால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் தற்காலிகம்தான். ஆனால், புரதமும் இரும்பும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வாந்தி நிற்கவில்லை என்றால் உடனே டாக்டரிடம் போங்கள்.

செக்கப்பைத் தவிர்க்காதீங்க!

'எடைதான் குறையுதே, இதுக்காக மதுரை வரைக்கும் எதுக்குப் போகணும்?' என்று தோன்றும். குறைகிற எடையில் எது போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் போக வேண்டும். டெக்ஸா ஸ்கேன் கொழுப்பு, தசை, எலும்பு மூன்றையும் பிரித்துக் காட்டும். ஜிம்மில் நின்று பார்க்கும் மெஷின், உடம்பில் இருக்கும் தண்ணீரைப் பொறுத்து மாறும். ஒரே மெஷினில், ஒரே நேரத்தில் பார்த்தால் போக்கு ஓரளவு புரியும்.

அடுத்த செக்கப்பில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். என் தசை எவ்வளவு குறைந்திருக்கிறது? நான் சாப்பிடும் புரதம் போதுமா? என்ன எக்சர்சைஸ் ஆரம்பிக்கலாம்? ஆபரேஷன் கொழுப்பைக் குறைக்க வழி செய்துவிடும். தசையைக் காப்பாற்றும் வேலை உங்களுடையது.