மூளைக்குள் விற்ற சாமான்

சாமான் கைமாறி, காசு லாச்சிக்குள் விழுந்துவிட்டால் வியாபாரம் முடிந்தது என்றே நம்மில் பலர் நினைக்கின்றோம். அது முடிவதில்லை என்பதை ஓர் ஆங்கிலப் படக் கதை எனக்கு விளங்க வைத்தது.

1995 இல் வெளிவந்த 'ஜொனி நெமோனிக்' என்ற அந்தப் படம், வில்லியம் கிப்சன் 1981 இல் எழுதிய சிறுகதையை அடியாகக் கொண்டது. கதை நடப்பது 2021 இல். மின்னணுக் கருவிகள் மலிந்து, மனிதரின் நரம்புகளைத் தளர்த்தி நடுங்க வைக்கும் ஒரு வருத்தம் எங்கும் பரவுகின்றது. கதாநாயகன், மூளைக்குள் பொருத்திய கருவியில் பிறருடைய தகவல்களைச் சுமந்து செல்லும் கூலிக்காரன். 80 ஜிகாபைட் கொள்ளளவை 160 ஆக்கிக்கொண்டு, 320 ஐ ஏற்றிக் கொள்கின்றான். அளவுக்கு மிஞ்சி ஏற்றிய லொறியின் கதைதான்! உயிருக்கே ஆபத்தாகின்றது.

அவன் சுமந்தது அந்த வருத்தத்தைக் குணப்படுத்தும் முறை. மருந்துக் கம்பனி ஒன்று அதை மறைத்து வைத்திருந்தது. நோய் சுகமானால் வாடிக்கையாளர் ஏது? தற்காலிகமாகத் தணிக்கும் மருந்தைத் தொடர்ந்து விற்பதே இலாபம். பதுக்கலில் இதைவிடக் கொடியது உண்டா?

2021 வந்து போயிற்று. அந்த வருத்தம் வரவில்லை. ஆனால் அதன் நிழல் வந்தது.

அமெரிக்காவின் 'செகண்ட் சைட்' கம்பனி, பார்வையிழந்தோரின் விழித்திரையில் பொருத்தும் 'ஆர்கஸ் 2' கருவியை விற்றது. மூக்குக் கண்ணாடியிலுள்ள கமரா காண்பதை 60 மின்முனைகள் நரம்புக்கு உணர்த்தும். விலை சுமார் 150,000 டொலர். 350 பேருக்கு மேல் பொருத்திக் கொண்டனர். 2019 இல் கம்பனி அதைக் கைவிட்டு, நேரடியாக மூளையில் பொருத்தும் வேறொரு கருவியின் பக்கம் திரும்பியது. 2020 மார்ச்சில் பணமுடையால் பெரும்பாலான ஊழியர்களை நிறுத்தியது. கருவி பழுதானோர் உதிரிப்பாகமின்றித் தவித்தனர். குளிர்சாதனப் பெட்டி பழுதானால் கடைக்குத் தூக்கி வரலாம். கண்ணுக்குள் இருப்பதை எங்கே தூக்கிச் செல்வது?

படத்தில் கெடுத்தது பேராசை. நிஜத்தில் கெடுத்தது கைமுதல் தீர்ந்தமை. வாங்கியவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்கள், விரல்களில் ஈரம் பட்டதும், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா எனக் கேட்டார்கள். இன்று நாம் விற்கும் நீர்ப்பம்பியிலும் கையடக்கத் தொலைபேசியிலும் மறைந்திருக்கும் ஈரம் எது? உதிரிப்பாகம் கிடைக்குமா, ஏஜன்ட் நாளை இருப்பாரா என்பதே.

எனவே இறக்குமதி செய்யுமுன் அதைக் கேளுங்கள். பாகங்களில் கொஞ்சத்தைக் கையிருப்பில் வையுங்கள். கிடைக்காதென்றால் விற்கும்போதே சொல்லிவிடுங்கள். உண்மை சொல்லி ஒரு விற்பனை தவறினால் நட்டம் ஒருநாள். மறைத்து விற்றால் போவது வாடிக்கையாளரின் நம்பிக்கை. அந்த அமானிதத்துக்கு மறுமையிலும் கணக்குண்டு.

அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.