ஹான்லே வானம் ஏன் சிவந்தது?

2024 மே 11. லடாக்கில் நள்ளிரவு தாண்டிய நேரம். சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹான்லே வானியல் ஆய்வகத்தின் கேமராக்களில், அடிவானம் செக்கச்செவேலெனப் பதிவானது. நார்வே, ஐஸ்லாந்து போனால்தான் பார்க்கலாம் என்றிருந்த துருவ ஒளி, இந்திய மண்ணிலிருந்தே!

சூரிய ஒளி நேராக வந்து விழுவதல்ல இது. சூரியப் புயல் பூமியின் காந்தப்புலத்தை உலுக்க, அங்கிருக்கும் எலெக்ட்ரான்கள் வேகமெடுத்து வளிமண்டலத்துக்குள் பாய்கின்றன. வழியில் ஆக்சிஜன் அணுக்களை மோதி, தங்கள் ஆற்றலில் கொஞ்சத்தைக் கொடுத்துவிட்டுப் போகின்றன. வாங்கியதை அணு ரொம்ப நேரம் வைத்துக்கொள்ளாது. ஒளியாக வெளியே விட்டுவிடும்.

சுவாரஸ்யமே இங்கேதான். பச்சை ஒளியை உமிழ அணுவுக்கு ஒரு விநாடிகூட வேண்டாம். சிவப்புக்கோ கிட்டத்தட்ட 2 நிமிடம் பிடிக்கும். காற்று அடர்ந்த கீழ்ப்பகுதியில், அதற்குள் வேறொரு மூலக்கூறு வந்து இடித்து ஆற்றலைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால், இடிக்க ஆளில்லாத 200 கிலோமீட்டருக்கு மேலேதான் சிவப்புக்கு வாழ்வு. பச்சையின் இடம் அதற்கும் கீழே, 100 கிலோமீட்டரைத் தாண்டியதுமே தொடங்கிவிடும்.

ஹான்லேக்கு வடக்கே வெகுதூரத்தில் நடந்த கூத்து அது. பூமியின் வளைவு கீழ்ப்பகுதியை மறைத்துவிட, எட்டிப் பார்த்தது சிவந்த உச்சி மட்டும்.