மண்ணைக் காக்கும் வலை, பாம்பைக் கொல்ல வேண்டுமா?

அமெரிக்காவில் சாலைக்காக வெட்டிய சரிவுகளில், புல் முளைக்கும்வரை மழை மண்ணை அரித்துவிடாதபடி பாய் விரித்து முளையடிப்பது வழக்கம். வைக்கோல், மரச்சீவல் அல்லது தென்னை நாரை நிரப்பி, பாலிப்ரொப்பிலீன் வலையால் இழுத்துக் கட்டிய பாய் அது. ஆபத்து அந்த வலையில் இருக்கிறது. கண்கள் சிறியவை, இழைகள் சந்திக்கும் இடங்கள் உருக்கி ஒட்டப்பட்டவை என்பதால் சற்றும் நெகிழாது. பாம்பின் தலை எளிதாக நுழைந்துவிடும். பருத்த நடுவுடல் இறுகிக்கொள்ளும். செதில்கள் வால்பக்கமாகப் படிந்திருப்பதால், பின்வாங்கினால் இழை செதிலுக்கடியில் மாட்டும். திமிறத் திமிற அது தோலை அறுத்துச் சதைக்குள் இறங்கும். நகர முடியாத பாம்பு வெயிலிலோ பட்டினியிலோ சாகும். தெற்குக் கரோலினாவில் பாம்புகள் இப்படிச் சிக்கியதை 2005இலேயே ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள்.

மண்ணரிப்பும் உயிர்களைக் கொல்வதுதானே என்று கேட்கலாம். உண்மை. ஓடையில் படியும் வண்டல் மீன் முட்டைகளை மூச்சடைக்க வைக்கும். ஆகவே பாயே வேண்டாம் என்பது தீர்வாகாது. வெயில் பட்டால் மக்கிவிடும் பிளாஸ்டிக் வந்துவிட்டதே என்பது அடுத்த வாதம். ஆனால் புல் வளர்ந்து நிழல் விழுந்ததும் அந்த வலைக்கு வெயிலே எட்டாது. மண்ணைப் பிடிக்கும் பொறுப்பை வேர்கள் ஏற்ற பிறகும் வலை ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். வேலை முடிந்த பிறகும் நீடிக்கும் வலிமையால் மண்ணுக்கு லாபமில்லை, விலங்குக்குக் கேடுதான். விலை குறைவு என்ற வாதமும் முழுக் கணக்கல்ல. புல்வெட்டும் இயந்திரத்தில் சுற்றிக்கொள்ளும் வலையை அகற்றும் செலவு அந்த விலைப்பட்டியலில் வருவதில்லை.

மாற்று கையருகே இருக்கிறது. தென்னை நார்க் கயிற்றை முடிச்சு ஒட்டாமல் தளர்வாக நெய்த வலையில், பாம்பு உந்தினால் இழை விலகி வழிவிடும்; சரிவில் சில ஆண்டுகள் தாங்கி, பிறகு மண்ணோடு மண்ணாகும். இந்தியாவின் தென்னை நார்த் தொழில் இத்தகைய வலைகளைத் தயாரித்து ஏற்றுமதியும் செய்கிறது. ஆனால் ‘தென்னை நார்’ என்ற பெயரை மட்டும் நம்பக் கூடாது. நாரைச் சுற்றிப் பிளாஸ்டிக் வலை இருந்தால் ஆபத்து அப்படியே இருக்கும். கலிபோர்னியக் கடலோர ஆணையம் 2012இல் பிளாஸ்டிக் வலையைத் தவிர்க்கும்படி வழிகாட்டியது. எல்லா இடத்திலும் ஒப்பந்தப் புள்ளியில் ‘பிளாஸ்டிக் வலை கூடாது, இழைகள் நெகிழ வேண்டும்’ என்று சேர்த்தாலே போதும். மண்ணும் நிற்கும், பாம்பும் பிழைக்கும்.