நிலவொளிக்கு ஓர் உரைகல்: சித்தம்பூண்டிப் பாறை

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கும் வெளிறிய அனார்த்தோசைட் பாறை, சந்திரயான் தரையிறங்கு கலங்களைச் சோதிப்பதற்கான செயற்கை நிலவு மண்ணாகப் பொடிக்கப்பட்டதைச் செய்தித்தாள் படிப்போர் பலரும் அறிவர். நிலவிலிருந்து வரும் ஒளிக்குப் பொருள் காணவும் அதே பாறை ஆராயப்பட்டது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. அறிவியல் நோக்கில் அதுவே நுட்பமான பணி.

நிலவொளி என்பது அங்கே பட்டுத் திரும்பும் சூரிய ஒளியே. திரும்புமுன் அதில் ஒரு பகுதியைக் கனிமங்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. எந்த அலைநீளத்தில் ஒளி குறைகிறது என்பது கனிமத்துக்குக் கனிமம் வேறுபடும். இரும்புச்சத்துள்ள பைராக்சீன் ஏறத்தாழ 1, 2 மைக்ரோமீட்டர்களிலும், நிலவின் வெளிறிய மேட்டுநிலங்களில் மிகுந்துள்ள பிளஜியோகிளேஸ் 1.25 மைக்ரோமீட்டர் அருகிலும் ஒளியை விழுங்குகின்றன. மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒளியை இவ்வாறு அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி நிறமாலைமானி எனப்படும்.

2008 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-1 கலத்தில் இருந்த நாசாவின் கனிம வரைபடக் கருவி, 3 மைக்ரோமீட்டர் வரையிலான ஒளியை அளந்து, அந்த எல்லையை ஒட்டித் தெரிந்த தாழ்வைக் கொண்டு, நீர் அல்லது அதன் உறவான ஹைட்ராக்சில் நிலவுத்தரையில் இருப்பதைக் காட்டியது. முடிவு 2009 செப்டம்பரில் வெளியாயிற்று. ஆனால், வெயிலில் காய்ந்த நிலவுத்தரை அந்த அலைநீளங்களில் தன் வெப்பக் கதிரையும் உமிழ்வதால், அதைக் கழித்த பின்னரே திரும்பிய சூரிய ஒளியின் உண்மை அளவு தெரியும். சந்திரயான்-2 சுற்றுக்கலத்தின் அகச்சிவப்பு நிறமாலைமானி 5 மைக்ரோமீட்டர் வரை எட்டுவதால், இந்தக் கழித்தலைக் கூடுதல் உறுதியோடு செய்ய முடிகிறது.

இத்தனை அளந்தாலும், கையில் உள்ள கல்லோடு ஒப்பிடாதவரை அந்த வளைகோடுகள் எண்களே. சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அன்பழகனும் அறிவழகனும், நிலவின் மேட்டுநிலப் பாறைக்கு ஒப்பான அனார்த்தோசைட்டின் எதிரொளிப்பை அளந்து 2010இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில்தான் பயன்படுகிறது. சுண்ணாம்புச்சத்து மிகுந்த பிளஜியோகிளேஸ் கொண்ட அனார்த்தோசைட் பூமியில் அரிது என்பதால், சித்தம்பூண்டிக்குத் தனி மதிப்பு உண்டு.

எனினும் இந்த ஒப்புமையை அளவுக்கு மீறி நம்பலாகாது. பூமிக்குள் ஆழத்தில் வெந்து மாறிய சித்தம்பூண்டிப் பாறையில் ஹைட்ராக்சில் அடங்கிய ஹார்ன்பிளெண்டு கலந்துள்ளது, அக்கனிமம் 1.4, 2.3 மைக்ரோமீட்டர்களை ஒட்டித் தோற்றுவிக்கும் தாழ்வுகளை ஒதுக்கிவிட்டே அந்தப் பாறையை நிலவோடு ஒப்பிட வேண்டும்.