குரல் போதும், கூண்டு வேண்டாம்

கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றங்கரையில் கார்டன் ரீச் என்ற ஊர்ப்பகுதி இருக்கிறது. அங்கே கப்பல் கட்டுகிறார்கள். நாள் முழுவதும் லாரிச் சத்தம். ஆனாலும் கோடைக்கால விடியலில் அங்கே குயில் கூவும்.

அந்தக் காலத்தில் லக்னோவை ஆண்டவர் நவாப் வாஜித் அலி ஷா. 1856இல் அவருடைய நாட்டை ஆங்கிலக் கம்பெனி பறித்துக்கொண்டது. அவர் கார்டன் ரீச்சை ஒட்டிய மேட்டியாபுரூஜில் வந்து தங்கினார். அவருக்குப் பறவை என்றால் உயிர். ஏராளமான பறவைகளை வளர்த்தார். 1887இல் அவர் இறந்தார். பறவைகளும் சிதறிப் போயின.

பறவையின் குரலைக் கேட்க அன்று கூண்டு தேவைப்பட்டது. இன்று தேவையா? செல்போன் போதும்.

'ஆப்' என்று சொல்கிறோமே, அதுதான் செயலி. 'மெர்லின்' என்பது ஒரு பறவைச் செயலி. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் இதை உருவாக்கியது. இது இலவசம். குரலைப் பதிவு செய்யும். எந்தப் பறவை என்றும் சொல்லும். இந்தியப் பறவைகள் பலவற்றை இதற்குத் தெரியும். ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும். பிறகு இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்.

எப்படிப் பதிவு செய்வது?

விடியற்காலையில் போங்கள். அப்போதுதான் பறவைகள் அதிகம் பாடும். வண்டிச் சத்தமும் குறைவு.

சாலையை விட்டுத் தள்ளி நில்லுங்கள். காற்று வீசினால் சுவரோரம் ஒதுங்குங்கள்.

போனின் கீழ்ப்பக்கத்தில் சிறு துளை இருக்கும். அதுதான் போனின் காது. அதைக் கையால் மூடாதீர்கள். பறவை இருக்கும் பக்கம் அதைத் திருப்புங்கள்.

ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். பேசாதீர்கள். முடிந்ததும் இடம், தேதி, நேரம் ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள்.

செயலி சில நேரம் தவறாகவும் சொல்லும். ஆகவே கண்ணாலும் பாருங்கள். "குக்கூ" என்று கூவுவது கருப்பு நிற ஆண் குயில். புள்ளி போட்ட பெண் குயில் "கிக் கிக்" என்று கத்தும். பலர் இது வேறு பறவை என்று நினைக்கிறார்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். பதிவு செய்த குரலைப் பறவையின் அருகில் போட்டுக் காட்டக் கூடாது. எதிரி வந்துவிட்டது என்று அது பயப்படும். சண்டைக்கு வரும். இரை தேடுவதையும் குஞ்சைக் காப்பதையும் விட்டுவிடும்.

முதன்முதலில் பறவைக் குரலைப் பதிவு செய்தவர் ஒரு சிறுவன். பெயர் லுட்விக் கோக். ஊர் ஜெர்மனி. ஆண்டு 1889. பாடியது எது தெரியுமா? இந்தியாவிலும் வாழும் ஷாமா என்ற பறவை! அதுவும் கூண்டில்தான் இருந்தது. அந்தக் குரலை இன்றும் கேட்கலாம்.

இன்று பச்சைக்கிளியைப் பிடித்துக் கூண்டில் அடைப்பது குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது.

உங்கள் தெருவில் எத்தனை பறவைகள் பாடுகின்றன? நாளைக் காலையில் கேளுங்கள். குரல் நம்மிடம் இருக்கட்டும். பறவை மரத்தில் இருக்கட்டும்.